வெள்ளத்துக்கு இடம் தந்தவர்

நுழையும்முன்

பூங்கா என்றதும் நிழலும் மலரும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு பூங்கா பெருவெள்ளத்தைத் தாங்கி நகரத்தையும் காக்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்துகாட்டியவர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட்.

இளமையும் தேடலும்

ஓம்ஸ்டெட் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பதின்ம வயதில் நச்சுச் செடியொன்றின் ஒவ்வாமையால் அவர் பார்வை பாதிப்புற்றது. கல்லூரிக் கல்வி தடைப்பட்டது. கப்பலில் பணியாளாகச் சேர்ந்து சீனா சென்று மீண்டார். பின்னர் ஸ்டேட்டன் தீவில் உழவரானார். மண்ணின் இயல்பையும் நீர் வடியும் முறையையும் அவருக்குக் கற்றுத்தந்தவை வயல்களே.

1850ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைப்பயணம் மேற்கொண்டபோது, எளியோரும் உலவுவதற்கெனப் பொதுப்பணத்தில் அமைந்த பிர்கன்ஹெட் பூங்காவைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1858இல், கால்வெர்ட் வாக்ஸ் என்னும் கட்டடக் கலைஞருடன் இணைந்து அவர் வரைந்த திட்டம், நியூயார்க்கின் மத்தியப் பூங்காவுக்கான போட்டியில் முதற்பரிசு பெற்றது.

பாஸ்டனின் இடர்

பாஸ்டன் நகரின் பேக் பே, கடல் ஓதம் வந்து செல்லும் சதுப்பு நிலமாக இருந்தது. 1850களின் இறுதி முதல் அதனை மண்ணிட்டு நிரப்பி வீடுகள் எழுப்பினர். மழைநீர் பரவிய பரப்பு சுருங்கியது. மடி ஆறும் ஸ்டோனி புரூக் ஓடையும் கழிவுநீரைச் சுமந்துவந்து எஞ்சிய சேற்றில் சேர்த்தன. கடல் ஏறும் வேளையில் மழையும் பெய்தால், வெளியேற வழியில்லாத நீர் தாழ்ந்த பகுதிகளில் புகுந்தது. தீநாற்றமும் நோயச்சமும் மக்களை வருத்தின.

அங்குப் பூங்கா அமைக்க 1878இல் நடந்த போட்டியில் பரிசு பெற்ற திட்டம் பூங்கா ஆணையர்களுக்கு நிறைவளிக்கவில்லை. அவர்கள் ஓம்ஸ்டெட்டை நாடினர்.

சதுப்பே அரண்

கற்சுவர் எழுப்பி நீர்த்தேக்கம் கட்டுவதே அக்கால வழக்கம். ஓம்ஸ்டெட் அவ்வழியை ஏற்கவில்லை. செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பித் தாக்கும். சரிவான கரையில் ஏறும் அலையோ தன் விசையை இழக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, வளைந்து செல்லும் நீரோடையையும் அதன் இருமருங்கிலும் உவர்ச்சதுப்புச் செடிகள் வளரும் தாழ்நிலத்தையும் வகுத்தார். நகரப் பொறியாளர் ஜோசப் டேவிஸ் அவருக்குத் துணைநின்றார். ஓடையின் வாயிலில் கதவு அமைத்து, கடலோதம் உட்புகுவதைக் கட்டுப்படுத்தினர். ஓதம் உயர்ந்திருக்கையில் பெய்யும் மழைநீர் சதுப்பில் பரவித் தங்கும். ஓதம் வடிந்தபின் சார்லஸ் ஆற்றில் சென்று சேரும். கழிவுநீரைத் திருப்பிவிடத் தனிக் குழாய்களும் அமைந்தன.

பூங்கா என்றால் புல்வெளியும் பூம்பாத்தியும் என எண்ணியிருந்தோர்க்குக் கோரை அடர்ந்த சதுப்பு வியப்பளித்தது. நகரின் நடுவே இயற்கைச் சதுப்பு போலத் தோன்றிய அவ்விடம் மனிதர் திட்டமிட்டு உருவாக்கியது. பின்னர் மடி ஆற்றங்கரையும் குளங்களும் பூங்காக்களும் இணைந்து, ஏறத்தாழ 11 கி.மீ. நீளமுள்ள மரகத மாலையாக வளர்ந்தன.

இறுதியும் எச்சமும்

நினைவாற்றல் குன்றியதால் 1895இல் ஓம்ஸ்டெட் பணியிலிருந்து விலகினார். தாம் முன்னர் இட அமைப்புக்கு ஆலோசனை வழங்கிய மெக்லீன் மருத்துவமனையிலேயே நோயாளியாக வாழ்ந்து, 1903ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் மறைந்தார்.

1910இல் சார்லஸ் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தபின் கடலோதம் நின்றது. உவர்நீர்ச் செடிகள் அழிந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், வாகன நிறுத்தத்திற்காக மடி ஆற்றின் ஒரு பகுதி குழாய்களுக்குள் அடைக்கப்பட்டது. விளைவு, 1996 அக்டோபரில் பெய்த பெருமழையில் வெளிப்பட்டது. கரைமீறிய வெள்ளம் கென்மோர் சுரங்க ரயில் நிலையத்திற்குள் பாய்ந்தது. அதன்பின் நகரம் தன் பிழையை உணர்ந்தது. புதையுண்ட ஆற்றின் பகுதியைத் தோண்டித் திறந்து, மீண்டும் வெளிச்சத்தில் ஓடவிட்டது.

ஆற்றுக்குரிய இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், மழைக்காலத்தில் அது நம் இடத்தைத் தேடி வரும். இவ்வுண்மையை உணர்ந்து, வெள்ளத்தை எதிர்க்காமல் அதற்கு இடமளித்த ஓம்ஸ்டெட்டின் பணி இன்றைய நகரங்களுக்கும் வழிகாட்டுகிறது.