கொள்ளைக்காரன் குரல் கொடுத்த நல்ல மனுஷன்

கடல் கொள்ளைக்காரன் மாதிரி பேசிக் காட்டுன்னு சொன்னா நாம என்ன செய்வோம்? கண்ணை உருட்டி, கையைப் பிசைஞ்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசுவோம். இது நமக்கு எம்.என். நம்பியார்கிட்ட இருந்து வந்தது.

அவர் 1919-ல் கேரளாவில் கண்ணூர்ப் பக்கம் பிறந்தார். தாய்மொழி மலையாளம். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். ஊட்டியில் இருந்தபோது, 13 வயசில் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மேடையில பேசுனா கடைசி வரிசைக்கும் கேக்கணும். அப்படித்தான் அவர் குரல் பழகுச்சு.

1935-ல் 'பக்த ராமதாஸ்' படத்தில் நடித்தார். 1950-ல் 'திகம்பர சாமியார்' படத்தில் 11 வேடம் போட்டார். 1965-ல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் கொள்ளையர் தலைவனாகி, எம்.ஜி.ஆருடன் கத்திச் சண்டை போட்டார். தியேட்டர்ல ஜனங்க அவரைத் திட்டித் தீர்த்தாங்க.

ஆனா நிஜத்தில் அவர் குடிக்க மாட்டார், அசைவம் தொட மாட்டார். சபரிமலைக்கு 60 தடவைக்கு மேல் போன குருசாமி. 2008 நவம்பர் 19-ல் காலமானார்.

நம்ம உவரி ஆளுங்க பேசுனா வெளியூர்க்காரங்க சண்டைன்னு நினைக்காங்க. அலைச் சத்தத்துல, மோட்டார் சத்தத்துல அடுத்த வள்ளத்துக்குக் கேக்கணும்னா கத்தித்தான் ஆகணும். குரலை வச்சு ஆளை எடை போடக் கூடாது. நம்பியார் வாழ்க்கை சொல்றதும் அதுதான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி