நகையிற் கனிந்த பல்கலை

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியனார் அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். அங்ஙனமிருந்தும், நகைச்சுவை நடிகரைக் கடை வரிசையில் இருத்துவதே நம்மவர் வழக்கமாயிற்று. அரங்கில் அழவைப்பவனைக் கலைஞன் என்போம். சிரிக்கவைப்பவனைக் கோமாளி என்று சொல்லி அமைவோம். இக்கருத்துப் பிழையென்பதைத் தம் வாழ்வாலே காட்டியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நாகர்கோவிலின் ஒழுகினசேரியில், 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சுடலைமுத்து, இசக்கியம்மாள் தம்பதிகளுக்கு மகனாகப் பிறந்தார். வறுமை காரணமாக அவரது கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆயினும் நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டு அவருக்கு மற்றொரு பள்ளியாயிற்று, டி. கே. எஸ். சகோதரரின் நாடகக் குழு அடுத்த கல்லூரியாயிற்று. பாட்டும் ஆட்டமும் உரையாடலும் ஒருவரிடத்தே ஒருங்கு அமையவேண்டிய களம் அது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடிய விடியக் கண்ட வன்னி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1935இல் மேனகா, 1936இல் சதிலீலாவதி என்னும் படங்கள் வழியே அவர் திரையுலகிற் புகுந்தார். தாம் நடிக்கும் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்தார். தம் பாடல்களைத் தாமே பாடினார். வாழ்க்கைத் துணைவியான டி. ஏ. மதுரம் கலையிலும் அவருக்குத் துணையானார். இலண்டனிற் பிறந்த சார்லி சாப்ளின் கதை புனைந்து, நடித்து, இயக்கி, இசையும் அமைத்தவர். கலைவாணரை இந்தியாவின் சாப்ளின் என்று பலர் போற்றியதற்கு இப்பன்முக ஆற்றலே ஏதுவாகும்.

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். கலைவாணர் பேதைமையைத் தாம் ஏற்றுக்கொண்டார்; எள்ளலை மூடநம்பிக்கையின் மீதும் குடிப்பழக்கத்தின் மீதும் செலுத்தினார். எளியவரை இழித்துச் சிரிப்பூட்டுதல் எளிது. சிரிப்பவரையே தம் குறையை எண்ணிப் பார்க்கச் செய்தல் அரிது. அவ்வரிய வழியையே அவர் தேர்ந்தார்.

புகழ் உச்சியில் நின்றபோது பேரிடர் சூழ்ந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில், 1944 டிசம்பரில், எம். கே. தியாகராஜ பாகவதரோடு அவரும் கைதானார். 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார். இலண்டன் கோமறைக் கழகம் வரை வழக்குச் சென்றது. மேன்முறையீடு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1947இல் குற்றமற்றவராக விடுதலையடைந்தார். ஈட்டிய பொருளிற் பெரும்பகுதி அழிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சிறையிற் கழிந்திருந்தது. அத்தகைய துன்பம் ஒருவரது நகையைக் கசப்பாக்கிவிடக்கூடும். கலைவாணரிடத்தோ அது கனிந்தது.

அறிஞர் அண்ணாவின் கதையில் 1949இல் வெளிவந்த நல்லதம்பி இதற்குச் சான்று. அதிலே கிந்தனார் கதையைக் காலட்சேபமாக நிகழ்த்தினார். நந்தனார் சிதம்பரம் காண ஏங்கியதுபோல, ஒடுக்கப்பட்ட குலத்துக் கிந்தன் பட்டணம் சென்று கல்வி பெற ஏங்குகிறான். கற்றுத் தேர்ந்து கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். கதை கேட்போர் சிரிக்கின்றனர். சிரித்து முடிந்ததும், ஏழைச் சிறுவனுக்குப் பள்ளிக் கதவு ஏன் அடைபட்டது என்னும் வினா நெஞ்சில் தங்குகின்றது. ஆசிரியராகிய நாம் அவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு நீங்கிய ஒருவர் இக்கதையைச் சொன்னார் என்பது உள்ளத்தைத் தொடுவதாகும்.

பின்னர் 1951இல் மணமகள், 1952இல் பணம் ஆகிய படங்களை இயக்கி, இயக்குநராகவும் விளங்கினார். இல்லையென்று வந்தவர்க்கு இருந்ததெல்லாம் ஈந்தார். தமக்கென வைத்தது சிறிதே. 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். சென்னையில் அவருக்கு எழுந்த சிலையை 1969 சனவரியில் அண்ணா திறந்துவைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே.

வில்லிசை, நாடகம், பாட்டு, நடிப்பு, இயக்கம், ஈகை எனக் கலைவாணரின் திறன்களை எண்ணிக்கொண்டே போகலாம். எனினும் அவற்றையெல்லாம் ஒரே நோக்கிற்கு ஆளாக்கியமையே அவர்தம் பெருமை. தாழ்ந்தவரைச் சுடாத சிரிப்பே அறிவை வளர்க்கும் சிரிப்பு. தொல்காப்பியனார் நகைக்கு அளித்த முதலிடம் தகுதியானதே என்பதற்குக் கலைவாணர் வாழ்வு ஓர் உரையாக அமைந்தது.