மின்சாரத்துக்குக் கணக்கு எழுதியவர்!

பேட்டரியில் கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் பாடத்தில் வரும் இந்தக் குறிகளுக்கு மின்சாரத்தில் என்ன வேலை? இவற்றை அங்கே கொண்டு வந்தவர், பள்ளியில் இரண்டே ஆண்டுகள் படித்த பெஞ்சமின் பிராங்க்ளின்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1706ம் ஆண்டு ஜனவரி 17ம் தேதி பிறந்தார். தந்தை மெழுகுவர்த்தி, சோப்பு செய்து விற்பவர். அவருக்கு மொத்தம் 17 பிள்ளைகள். பிராங்க்ளின் 15வது பிள்ளை. அதனால், 10 வயதிலேயே படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை. கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தார். 17 வயதில் பிலடெல்பியா சென்றார். உழைத்து முன்னேறி, சொந்தமாக அச்சகம் வைத்தார். 1731ல் நண்பர்களுடன் சேர்ந்து நூலகமும் தொடங்கினார்.

அந்த நூலகத்துக்கு, லண்டனில் இருந்து ஒரு கண்ணாடிக் குழாய் வந்தது. அதைத் தேய்த்தால் மின்பொறி பறக்கும். பிராங்க்ளினுக்கு ஆர்வம் தாங்கவில்லை. இருவரை மெழுகின் மேல் நிற்க வைத்தார். மெழுகு வழியே மின்சாரம் தரைக்குப் போகாது. ஒருவர் குழாயைத் தேய்த்தார். மற்றவர் குழாயருகே விரலை நீட்டி, அதன் மின்சாரத்தைப் பெற்றார். பிறகு அந்த இருவரும் விரல்களை நெருக்கியதும், பளிச்சென்று பொறி பறந்தது. அதன்பின் இருவரிடமும் மின்சாரம் இல்லை!

இதன் பொருள் என்ன? ஐந்து கோலிக்குண்டுகளை நண்பனுக்குத் தந்தால், உங்களுக்கு ஐந்து குறையும். அவனுக்கு ஐந்து கூடும். மொத்தம் மாறாது அல்லவா? அதேபோல, தேய்ப்பதால் மின்சாரம் புதிதாகப் பிறப்பதில்லை, இடம்தான் மாறுகிறது. 1747ல், கூடியதை நேர் மின்னூட்டம் என்றும், குறைந்ததை எதிர் மின்னூட்டம் என்றும் குறித்தார் பிராங்க்ளின்.

தேய்த்த கண்ணாடி மின்சாரத்தைப் பெறுகிறது என்று அவர் ஊகித்தார். அதில்தான் சறுக்கல்! 1897ல் ஜே.ஜே.தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகு, உண்மை தெரிந்தது. பட்டுத் துணியால் தேய்த்தால், கண்ணாடி எலக்ட்ரான்களை இழக்கிறது. ஆனாலும், பழைய பெயர்களே நிலைத்துவிட்டன. அதனால்தான் எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். மொத்தம் மாறாது என்ற விதி மட்டும் இன்றுவரை பொய்க்கவில்லை.

மின்னலும் மின்சாரமே என்று காட்ட, 1752ல் இடி மேகத்தின் கீழ் பட்டம் விட்டார். இடிதாங்கியை உருவாக்கினார், அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். அமெரிக்க விடுதலைக்கும் பாடுபட்ட அவர், 1790ல், 84 வயதில் மறைந்தார்.

இடி மழையில் பட்டம் விட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். 1753ல் ரஷ்யாவில் மின்னலை ஆராய்ந்த ரிச்மன் என்ற விஞ்ஞானி, மின்னல் தாக்கி இறந்தார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஊதிய இரு பலூன்களை நூலில் கட்டி, உலர்ந்த தலைமுடியில் தேய்த்து, அருகருகே தொங்க விடுங்கள். இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் விலகிப் போகும். ஆனால், பலூனைத் தலையருகே கொண்டு வந்தால், முடி எழுந்து வந்து ஒட்டும். பலூன் பெற்றதை முடி இழந்திருக்கிறதே... வேறு வேறு மின்னூட்டங்கள் ஈர்க்காமல் இருக்குமா?