மோதிர விரலைத் திட்டாத வாத்தியார்

பியானோ கத்துக்கப் போற யாருக்கும் முதல் நாள் சொல்லித் தருவது சி மேஜர் ஸ்கேல்தான். வெள்ளைக் கட்டைகள் மட்டும், கறுப்பே கிடையாது, பார்க்க ரொம்ப ஈஸி. 1830-களில் பாரிஸில் ஒரு வாத்தியார் இதை அப்படியே தலைகீழாகச் செய்தார். அவரிடம் சேர்ந்தால் முதலில் ஐந்து கறுப்புக் கட்டைகளும் வருகிற பி மேஜர். சி மேஜர் கடைசியில்தான். வெள்ளைக் கட்டை வரிசை கண்ணுக்குத்தான் சுலபம், கைக்கு அல்ல என்பது அவர் கட்சி.

உங்க கையை மேஜை மேல வெச்சுப் பாருங்க. கட்டைவிரலும் சுண்டுவிரலும் குட்டை, நடுவில் மூன்றும் நீளம். இப்போ இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்று ஐந்து கட்டைகள் மேல் வரிசையாக விரலை வையுங்க. நீளமான மூன்றும் மேடான கறுப்பில் உட்காரும், குட்டை இரண்டும் வெள்ளையில் இறங்கும். எதையும் மடக்க வேண்டாம், நீட்ட வேண்டாம். கீபோர்டு இல்லாதவர்கள் போனில் ஒரு பியானோ ஆப் திறந்தாலே விஷயம் புரிந்துவிடும்.

அந்த வாத்தியார் பெயர் ஃப்ரெடெரிக் ஷோப்பான். (ஆங்கில எழுத்தைப் பார்த்து சாப்பின் என்று படிப்பவர்கள் நம் விடுதியிலேயே நிறைய பேர்.) 1810-ல் போலந்தில் வார்சா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா பிரான்ஸிலிருந்து போய்க் குடியேறியவர், பிரெஞ்சு வாத்தியார். பையனுக்கு ஆறு வயதில் பியானோ சொல்லித்தர வந்தவர் வொய்ச்சியேக் ஜிவ்னி. இவர் அடிப்படையில் வயலின்காரர். பாக் எழுதியவற்றைப் பையனுக்கு ஊட்டி வளர்த்தார், ஆனால் விரல் இப்படித்தான் போகணும் என்று பியானோகாரர்கள் போடுகிற சட்டதிட்டம் அவரிடம் பெரிதாகக் கிடையாது. அடுத்து வந்த யோசெஃப் எல்ஸ்னர் இசையமைக்கக் கற்றுத் தந்தவர். அவரும் பையனை அவன் போக்கில் விட்டார். ஆக, ஷோப்பானின் விரல்கள் பெரும்பாலும் தாமாகவே வழி கண்டுபிடித்தவை.

1830 நவம்பரில் வார்சாவை விட்டுக் கிளம்பினார். அந்த மாதக் கடைசியிலேயே அங்கே ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கலகம் வெடித்தது. அதன்பின் அவர் ஊர் திரும்பவே இல்லை. வியன்னாவில் சில மாதங்கள் இழுத்தடித்து, 1831 இலையுதிர் காலத்தில் பாரிஸ் வந்து சேர்ந்தார். வயது 21. கையில் காசு குறைவு, ஊரில் யாருக்கும் இவரைத் தெரியாது.

அப்போது பாரிஸில் பியானோ என்றால் ஃப்ரீட்ரிக் கால்க்பிரென்னர். ஷோப்பான் அவர் முன்னால் வாசித்தார். பெரியவருக்குப் பிடித்தது, ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: என்னிடம் மூன்று வருஷம் படி, சரியான பியானோகாரன் ஆக்குகிறேன். இந்த கால்க்பிரென்னர் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்த ஒரு சாதனம் உண்டு. கட்டைகளுக்கு முன்னால் ஒரு நீளமான தண்டவாளம் மாதிரிக் கம்பி. கையை அதன் மேல் கிடத்திவிட்டால் கை அசையாது, விரல் மட்டும் வேலை செய்யும். ஐந்து விரலும் ஒரே பலத்தில், ஒரே மாதிரி அடிக்கணும் என்பதுதான் அந்தக் காலத்துக் கனவு. பேசாம ஐந்து ஒரே மாதிரி பிஸ்டன் வாங்கிப் பொருத்தியிருக்கலாம்!

ஷோப்பான் நிஜமாகவே தடுமாறினார். பெரிய இடத்து ஆதரவு, பேர், மாணவர்கள் எல்லாம் அந்த ஒரு சம்மதத்தில் கிடைத்துவிடும். வார்சாவுக்குக் கடிதம் போட்டார். வீட்டிலும் எல்ஸ்னரும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் மறுத்துவிட்டார். ஆனால் தன் இ மைனர் கன்செர்ட்டோவை கால்க்பிரென்னருக்கே சமர்ப்பணம் செய்தார். பகைத்துக்கொள்ளாமல் நழுவுவதில் ஆள் கில்லாடி.

தாம் ஒப்புக்கொள்ளாதது என்ன என்பதை 1833-ல் அச்சான ஓபஸ் 10 பயிற்சிகளில் சொன்னார். மொத்தம் 12, லிஸ்ட்டுக்குச் சமர்ப்பணம். அதில் இரண்டாவதை எடுத்துக்கலாம். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கீழே சின்னச் சின்னக் கார்டுகளைத் தொட்டுக்கொண்டே இருக்கணும். மிச்சம் இருக்கும் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் சேர்ந்து ஒரு கட்டை விடாமல் மேலும் கீழும் ஏறி இறங்கணும். வேகம் நிமிஷத்துக்கு 144 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஒன்பதரைக்கு மேல். அதுவும் சத்தமில்லாமல், எண்ணெய் விட்ட மாதிரி.

வழக்கமாக ஸ்கேல் ஓடும்போது கட்டைவிரலை அடியில் நுழைத்து நகர்வார்கள். இங்கே கட்டைவிரலுக்கு வேறு வேலை. அதனால் நடுவிரல் மோதிர விரலின் மேலேயும், மோதிர விரல் சுண்டுவிரலின் மேலேயும் தாண்டிப் போகணும். பாக் காலத்துக்கும் முந்தைய பழக்கம் இது, கட்டைவிரல் முறை வந்தபிறகு ஒதுக்கப்பட்டது. ஷோப்பான் அதைத் தூசி தட்டி எடுத்தார். நம்பிக்கை வராதவர்களுக்காக ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் 3, 4, 5 என்று எண் போட்டே அச்சிட்டார்.

மோதிர விரலைப் பற்றி ஒரு சோதனை. உள்ளங்கையை மேஜையில் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்க முயற்சி பண்ணுங்க. வராது. பின்கையில் அந்த விரல்களின் தசைநார்கள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. அது சோம்பேறித்தனமோ பயிற்சிக் குறைவோ இல்லை, டிசைனே அப்படி. ஷோப்பான் இதை எதிர்த்துச் சண்டை போடவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குரல் உண்டு, அதற்கு ஏற்ற இடத்தில் அதை வை என்றார். அதே 1810-ல் பிறந்த ராபர்ட் ஷூமான் விரலைப் பலப்படுத்த ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு பழகினார். கை கெட்டுப்போய், மேடைப் பியானோகாரர் ஆகும் ஆசையையே விட்டார். கருவிதான் காரணமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

சரி, விரல் எண் இவ்வளவு முக்கியமா? பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு உடனே விலகிவிடும். அந்த நொடியிலிருந்து சத்தம் தேய ஆரம்பிக்கும். வயலின்காரர் வில்லை இழுத்து ஸ்வரத்தை வளர்க்கலாம், பாடகர் மூச்சில் வளர்க்கலாம், பியானோவில் முடியாது. இழைந்து வருகிற மாதிரி கேட்பதெல்லாம் ஒரு கண்கட்டு, இல்லை, காதுகட்டு வித்தை. முந்தைய விரல் எப்போது எழுகிறது, அடுத்தது எவ்வளவு கனத்தில் விழுகிறது என்ற இரண்டில்தான் அது நிற்கிறது. விரல் வரிசை தப்பினால் கை நடு வாக்கியத்தில் குதிக்கும், காதில் ஓட்டை விழும். அதனால்தான் அவர் ஒரே விரலைப் பக்கத்துக் கட்டைக்கு வழுக்க விட்டார், கட்டைவிரலைக் கறுப்பில் வைத்தார், அழுத்தியிருக்கும் கட்டையிலேயே சத்தமில்லாமல் விரல் மாற்றினார். மூன்றும் அன்றைய வாத்தியார்கள் முகம் சுளித்த காரியங்கள்.

வாக்கியம் முடிகிற இடத்தில் மணிக்கட்டை லேசாகத் தூக்கச் சொல்வார். பாடகர் மூச்சு வாங்குவது போல. பியானோ நன்றாக வாசிக்கணுமா, போய் இத்தாலிய ஆப்பராப் பாடகர்களைக் கேளுங்கள் என்று மாணவர்களை அனுப்புவார். ஆனால் உணர்ச்சி உணர்ச்சி என்று தாளத்தைக் கோட்டை விடவும் கூடாது, மெட்ரோனோம் எப்போதும் பியானோ மேல் இருக்கும். ஸ்கேல்களை முதலில் மிக மெதுவாக, முழு நாதத்தோடு வாசிக்கணும். வேகம் பிறகு. ஒரு மாணவி தினம் ஆறு மணி நேரம் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டு, மூன்று மணிக்கு மேல் கூடாது என்று கடிந்துகொண்டார். செமஸ்டருக்கு முந்தின ராத்திரி நாம் படிக்கிற படிப்பைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கச்சேரி அவருக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் பொதுமேடையில் ஏறியது முப்பது தடவைக்குப் பக்கம்தான். பிழைப்பு பாடம் எடுப்பதில். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க், ஒரு நாளில் நான்கைந்து பேர். வந்தவர்களில் பெரும்பாலோர் பணக்கார வீட்டுப் பெண்கள், மேடைக்குப் போக முடியாதவர்கள். லிஸ்ட்டின் மாணவர்கள் ஐரோப்பா முழுக்கப் பரவினார்கள், இவருடைய வழி சில வரவேற்பறைகளோடு நின்றது.

அதைப் புத்தகமாக எழுத உட்கார்ந்தார். ஆனால் நுரையீரல் ஏற்கெனவே மோசம். 1847-ல் எழுத்தாளர் ஜார்ஜ் ஸாந்தோடு இருந்த உறவு முறிந்தது. 1848-ல் பாரிஸில் புரட்சி வந்து மாணவர்கள் சிதறினார்கள், பிழைப்புக்காக லண்டனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் அலைந்தார், உடம்பு இன்னும் கெட்டது. 1849 அக்டோபர் 17-ல் இறந்தார், வயது 39. முடியாத கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொல்லியிருந்தார். பியானோ முறை பற்றிய அந்தச் சில தாள்கள் தப்பின. 1936-ல் ஆல்ஃப்ரெட் கொர்தோ என்ற பியானோகாரர் லண்டனில் அவற்றை விலைக்கு வாங்கினார். பார்த்தால் அடித்தல் திருத்தலோடு அரைகுறைக் குறிப்புகள்.

மாணவிகளின் நோட்டுப் புத்தகங்களில் கிடைத்தது அதைவிட அதிகம். ஜேன் ஸ்டர்லிங், கமீய் துபுவா போன்றவர்கள் பாடத்துக்குக் கொண்டுபோன அச்சுப் பிரதிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. உள்ளே பென்சிலில் அவர் கைப்பட எழுதிய விரல் எண்கள், மூச்சு விடும் இடத்தில் சின்னக் கோடுகள். அச்சில் ஏற்கெனவே இருந்த எண்ணை அடித்துவிட்டு வேறு எழுதிய இடங்களும் உண்டு. சில இடங்களில் அதே வரிக்கு ஒரு மாணவிக்கு ஒரு விரல் வரிசை, இன்னொருத்திக்கு வேறு.