அயன்களுக்காக வாதாடிய அரேனியஸ்

சுவாந்தே அரேனியஸ் 1859ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி சுவீடன் நாட்டில் உப்சாலா நகருக்கு அண்மையில் பிறந்தார். உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் கற்றபோதும் அங்கு நடைபெற்ற கற்பித்தலில் திருப்தியடையாது, 1881இல் ஸ்டொக்ஹோம் சென்று எட்லண்ட் என்னும் பௌதிகவியலாளரின் கீழ் ஆய்வு செய்தார்.

தூய நீரில் ஒளிராத மின்குமிழ், அந்நீரில் கறியுப்பைக் கரைத்ததும் ஒளிர்வதை ஆய்வுகூடத்தில் நீங்கள் அவதானித்திருப்பீர்கள். கரைசல் மின்னைக் கடத்துவது எவ்வாறு என்பதே அரேனியஸ் எடுத்துக்கொண்ட வினா. 1884இல் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் சமர்ப்பித்த ஆய்வேடு பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. மிகக் குறைந்த தரமே கிடைத்தது. அத்தரத்துடன் விரிவுரையாளராவது கடினம். ஆயினும் மனந்தளராது ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அவர்களுள் ரீகாவிற் பணியாற்றிய ஒஸ்ட்வால்ட் அதே ஆண்டில் உப்சாலாவுக்கே வந்து அவரைச் சந்தித்தார். அதன் பின்னரே சொந்தப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதவி கிடைத்தது.

மின்னைச் செலுத்த முன்பே, உப்பு நீரிற் கரையும்போதே அயன்கள் பிரிந்துவிடுகின்றன என 1887இல் அவர் தெளிவாக வெளியிட்டார். எதிர்த்தோர் எழுப்பிய கேள்வி நியாயமானதே. சோடியம் நீருடன் தீவிரமாகத் தாக்கமுறும் உலோகம். குளோரீன் நச்சு வாயு. இவை உப்பு நீரில் தனித்தனியே இருப்பின் அதை எவ்வாறு உணவிற் சேர்ப்பது? அணு வேறு, அயன் வேறு என்பதே விடை. ஆனால் வேறுபாட்டின் காரணத்தை அன்று காட்ட முடியவில்லை. இலத்திரனே 1897இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1916இல் கொசல், லூயிஸ் ஆகியோர் இலத்திரன் நிலையமைப்பைக் கொண்டு அதனை விளக்கினர்.

இப்போது ஆவர்த்தன அட்டவணையை எடுங்கள். முதலாம் கூட்டத்திலுள்ள சோடியத்தின் நிலையமைப்பு 2,8,1. இறுதி இலத்திரனை இழந்து 2,8 ஆகும்போது ஒரு நேர் ஏற்றம் பெறுகிறது. இரண்டாம் கூட்ட மகனீசியம் இரண்டையும், மூன்றாம் கூட்ட அலுமினியம் மூன்றையும் இழக்கின்றன. ஏழாம் கூட்டக் குளோரீனுக்கு (2,8,7) ஏழை இழப்பதிலும் ஒன்றை ஏற்பது இலகு. எனவே ஒரு மறை ஏற்றம். ஆறாம் கூட்ட ஒட்சிசன் இரண்டை ஏற்கும். நான்காம் கூட்டக் காபனும் சிலிக்கனும் பொதுவாக இலத்திரன்களைப் பங்கிட்டே பிணைகின்றன.

மாணவர் பலர் தவறும் இடம் ஒன்று: சோடியம் அயனிலும் நியோன் அணுவிலும் 10 இலத்திரன்களே உள்ளன. ஆயினும் சோடியம் நியோனாக மாறுவதில்லை. அதன் கருவில் 11 புரோத்தன்கள் அப்படியே இருக்கின்றன.

அரேனியஸ் எல்லாவற்றையும் சரியாகக் கூறிவிடவில்லை. உப்புப் பளிங்கிலேயே அயன்கள் உள்ளன, நீர் அவற்றை விலக்குகிறது என்பது பின்னரே தெரியவந்தது. அமிலம், மூலம் பற்றிய பாடத்திலும் இவரது பெயரைச் சந்திப்பீர்கள். நீரில் ஐதரசன் அயனைத் தருவது அமிலம் என்பது இவரது கொள்கையே.

குறைந்த தரம் பெற்ற அதே ஆய்விலிருந்து வளர்ந்த கொள்கைக்காக 1903இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதலாவது சுவீடன் நாட்டவர் அவரே. 1927 ஒக்டோபர் 2ஆம் திகதி ஸ்டொக்ஹோமிற் காலமானார்.