சேர் பொன்னம்பலம் இராமநாதன்

கொலன்னாவையிலிருந்து யாம் கொட்டாஞ்சேனை சென்று பொன்னம்பலவாணேசர் சந்நிதியிற் பணியுந்தோறும் நினைவில் எழுபவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். 1851ஆம் ஆண்டு கொழும்பிலே செல்வக்குடியிற் பிறந்து, சட்டங் கற்று, 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாய் விளங்கினார். அத்துணைப் பெருமையுடையார் தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு அடிபணிந்தார். கற்ற தலை வணங்குதல் எளிதன்றென்பதை மிசன் பாடசாலையிற் பயின்ற யாம் நன்கறிவோம்.

தந்தையார் எடுப்பித்த அவ்வாலயத்தை 1907 தொடங்கிக் கருங்கல்லாற் புதுக்குவித்தார். 1913ஆம் ஆண்டு மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்குக் கல்லூரி நிறுவினார். 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் அல்லலுற்ற சிங்கள மக்களுக்காக இலண்டன் சென்று வாதாடினார். மீண்டபோது சிங்களப் பெருமக்கள் அவர் வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

அவர் குறையிலர் என்று கூறோம். டொனமூர் ஆணைக்குழுவினர் விதந்த சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தமை எமக்கு உடன்பாடன்று. செம்பிற் களிம்புபோல ஆணவம் பெரியோரிடத்தும் குடிப்பெருமையாய் ஒளித்திருக்கும். 1930ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பதவிகள் உடன்மறைந்தன, ஈந்தவை நிலைத்தன.

அன்பர்காள், பொருளைக் கொடுத்தல் பாதியே. கொடுத்தேன் யான் என்னும் எண்ணத்தையும் இறைவன் திருவடியில் வைத்தபோதே கொடை நிறைவுறும்.