பருத்திப் பூவைப் பார்த்த மனிதர்

தை மாசம் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து உட்கார்ந்தால், கரிசல் காட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பருத்திப் பூ தெரியும். காலையில் விரியும், மறுநாள் சிவந்து சுருங்கும், அப்புறம் உதிர்ந்துவிடும். காய் வெடித்துப் பஞ்சு வந்தால்தான் நமக்குக் காசு. பூவை யாரு பார்க்கப் போறா?

ஒருத்தர் பார்த்தார். பெயர் டி.ஆர். சேஷாத்ரி.

1900 பிப்ரவரி 3, காவிரிக்கரைக் குளித்தலையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தார். 1927-ல் உதவித்தொகையில் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய், ராபர்ட் ராபின்சனிடம் சேர்ந்தார். பூக்களின் நிறப்பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக்கொண்டிருந்த ராபின்சனுக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1929-ல் டாக்டர் பட்டம் வாங்கியதும் சேஷாத்ரி ஆஸ்திரியா போய், நுண் பகுப்பாய்வுக்காக ஏற்கெனவே நோபல் வாங்கியிருந்த பிரெகலிடம் அந்த வித்தையைக் கற்றார். சில மில்லிகிராம் பொருளை எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் எடைபோட்டு, உள்ளே எவ்வளவு கார்பன், எவ்வளவு ஹைட்ரஜன் என்று சொல்லும் முறை அது.

இவ்வளவு படித்துவிட்டு 1930-ல் ஊர் திரும்பியவருக்குப் பேராசிரியர் நாற்காலி காத்திருக்கவில்லை. கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண்ணைச் சோதிக்கும் வேலைதான் கிடைத்தது. 'படிச்சதுக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லை' என்று நாம இப்போ புலம்புகிறோமே, அதே நிலைமைதான். சில வருடங்களில் ஆந்திரப் பல்கலைக்கழகம் அழைத்தது. விசாகப்பட்டினம் வால்டேரில் வேதியியல் துறையைக் கட்டி எழுப்பும் பொறுப்பு.

அங்கேதான் பருத்திப் பூ வருகிறது. விலை கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டாம், காட்டில் தானாக உதிர்வது. அதில் காசிபெடின் என்ற நிறப்பொருள் இருப்பது முன்பே தெரியும். மாணவர் நீலகண்டத்தோடு சேர்ந்து ஆராய்ந்ததில் ஹெர்பசெடின் என்ற புதுப் பொருளும் கிடைத்தது. நம்ம பக்கம் உப்பம் என்று சொல்லும் பருத்தியினத்தின் தாவரவியல் பெயர் காசிப்பியம் ஹெர்பேசியம். இந்த வேதிப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று இப்போ புரிகிறதா?

பூவுக்குள் இந்த நிறப்பொருள் தனியாக இருக்காது, சர்க்கரையோடு ஒட்டியிருக்கும். அதற்கு ஐந்தாறு ஹைட்ராக்சில் கைகள் உண்டு. சர்க்கரை எந்தக் கையைப் பிடித்திருக்கிறது? இன்றைக்கு என்எம்ஆர் கருவியில் வைத்தால் தெரிந்துவிடும். அன்றைக்கு அது கிடையாது. அதனால் காலியாக உள்ள கைகளுக்கெல்லாம் முதலில் மெத்தில் உறை மாட்டுவார்கள். பிறகு அமிலத்தில் கொதிக்கவைத்துச் சர்க்கரையைக் கழற்றுவார்கள். உறை இல்லாமல் எந்தக் கை நிற்கிறதோ, சர்க்கரை அங்கேதான் இருந்திருக்கிறது! பருத்திப் பூவின் காசிபிட்ரினில் அது 7-ஆம் இடம். பருத்தியின் சொந்தக்காரச் செடி ஒன்றில் கிடைத்த காசிபினில் 8-ஆம் இடம். சர்க்கரை ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால் பொருளே வேற.

அடுத்த கேள்வி: செடி இதை எப்படிச் செய்கிறது? வெங்காயத் தோலில் உள்ள குவெர்செடினின் வளையத்தில் இன்னொரு ஹைட்ராக்சிலைச் சேர்த்தால் காசிபெடின். பெர்சல்பேட்டை வைத்து அந்த மாற்றத்தைக் குடுவையிலேயே செய்து காட்டியது அவர் குழு.

இதற்கிடையில் உலகப் போர் வந்தது. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. ஆய்வுக்கூடத்தைத் திரும்பவும் அமைக்க வேண்டியதாயிற்று, ஆனாலும் ஆய்வு நிற்கவில்லை. 1949-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் போனார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், 1963-ல் பத்மபூஷண் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேல் ஆய்வுக் கட்டுரைகள், அவரிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் 150-க்கும் மேல். 1965-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வை விடாமல், 1975-ல் மறைந்தார்.

கோவில்பட்டியில் 1901-லிருந்தே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் பல தடவை போயிருப்பீங்க, உள்ளே எட்டிப் பார்த்திருக்கீங்களா? 'நம்ம லேப்ல ஒண்ணுமே இல்லை' என்று அடுத்த முறை சொல்வதற்கு முன்னால், காட்டுக்குப் போய் ஒரு பருத்திப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்க. ப்ராஜெக்ட் தலைப்பு உங்க அப்பாவோட புஞ்சையிலேயே உதிர்ந்து கிடக்கலாம்.